பெரிய சொகுசுக் கப்பலா, சின்னதா: மறுமுறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்தில் கப்பல் பயணம் பற்றிக் கேட்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டு ஒருமுறை பெரிய கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த முறை, "இனிச் சின்னக் கப்பலில் போவம், அதுதானாம் உண்மையான சொகுசு" என்று கதை தொடங்குகிறது. நானும் பிள்ளைகளின் புண்ணியத்தில் இரண்டு வகையிலும் போய்வந்தவள். முதல் முறை போகிறவர்களுக்கான பக்கம் இல்லை இது. ஒருதடவை போய்ப் பழகிவிட்டு, அடுத்தது எது என்று யோசிக்கிறவர்களுக்கு.

சின்னது, பெரியது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆகச் சின்னது சீட்ரீம் மாதிரி: 112 பயணிகள், அவர்களைக் கவனிக்க 95 பேர் வேலைக்கு. நடுவில் சீபோர்ன் குவெஸ்ட் (ஏறக்குறைய 450 பேர்), சில்வர்சீயின் சில்வர் நோவா (728 பேர்), கிறிஸ்டல் செரினிட்டி (740 பேர்) போன்றவை. சொகுசுக் கப்பல் என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை இந்தக் கூட்டம்தான். கீழே சின்னது என்று சொல்லும்போது இந்த இரண்டு கூட்டத்தையும்தான் சொல்கிறேன். கடைசியாக, ஐகொன் ஒஃப் த சீஸ் மாதிரி மிதக்கும் பட்டணங்கள். அதில் அறைக்கு இரண்டு பேர் என்று கணக்குப் பார்த்தாலே 5,610 பேர், எல்லாக் கட்டிலும் நிரம்பினால் 7,600 பேர். முல்லைத்தீவில் சில கிராமங்களின் சனம் முழுதையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

2023 யூனில் சென்னையிலிருந்து காங்கேசன்துறைக்கு வந்த எம்பிரெஸ் கப்பலை எங்கள் ஆட்கள் பலர் போய்ப் பார்த்தார்கள். பத்திரிகைகள் அதையும் சொகுசுக் கப்பல் என்றுதான் எழுதின. அது 1990இல் கட்டியது, சுமார் 48,500 தொன், ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் ஏறலாம். கப்பல்காரரின் கணக்கில் நடுத்தரம், பழசு. கண்ணுக்குள் ஒரு அளவு வேண்டுமென்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள்: சில்வர் நோவா அதைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, ஆனால் ஆட்கள் பாதிக்கும் குறைவு.

அப்போ சின்னக் கப்பல் என்றால் ஆளுக்கு இடம் கூட, சரிதானே?

இல்லை. எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள்.

கப்பலுக்குச் சொல்லும் தொன் கணக்கு நிறை இல்லை, உள்ளே அடைபட்ட இடத்தின் அளவு. அதைப் பயணிகள் தொகையால் பிரித்தால் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று வரும். சில்வர் நோவா 54,700 தொன், 728 பேர்: ஆளுக்கு 75. சீபோர்ன் குவெஸ்ட் 72 அளவில். கிறிஸ்டல் செரினிட்டி 68,870 தொன்னை 740 பேருக்குப் பிரித்தால் 93 வரும். ஐகொன் 44 என்று நிற்கிறது. இனி சீட்ரீமைப் பாருங்கள், 4,300 தொன், 112 பேர், வருவது 38. ஐகொனையும் விடக் குறைவு! அங்கே கொடுக்கிற காசு இடத்துக்கு இல்லை, ஆளில்லாத அமைதிக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சேவைக்கும்தான். அறைக்குப் பல்கனியும் இல்லை. ஆகவே விளம்பரத்தில் "சிறிய, விசாலமான" என்று இரண்டு சொல்லையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பிரித்தலை ஒருக்கால் செய்து பாருங்கள், ஃபோனில் அரை நிமிட வேலை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எது நல்லது?

பயண அட்டவணையை எடுத்து, கப்பல் எங்கும் நிற்காமல் கடலிலேயே ஓடும் நாள் எத்தனை, துறைமுகத்தில் நிற்கும் நாள் எத்தனை என்று எண்ணுங்கள். கடல் நாள் கூட என்றால் பெரியது. துறைமுக நாள் கூட என்றால் சின்னது. நான் முதலில் பார்ப்பது இதைத்தான், கப்பலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான்.

காரணம் எளிது. அத்திலாந்திக்கைக் கடக்கிற மாதிரி நாள்கணக்கில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு போகும் பயணத்தில் சின்னக் கப்பலில் நடக்கக்கூட இடம் போதாது. இரண்டாம் நாளே முன்பக்கமும் பின்பக்கமும் மனப்பாடம். குயின் மேரி 2 போன்ற 345 மீற்றர் கப்பலில் நூலகம், நாடக அரங்கு, கோளரங்கம் எல்லாம் உண்டு, மேல்தட்டைச் சுற்றி நடந்தாலே அரைநாள் போய்விடும். மாறாக, ஒவ்வொரு விடியலும் ஒவ்வொரு ஊர் என்றால் அந்த அரங்கும் தண்ணீர்ச் சறுக்கலும் யாருக்கு? களைத்து வந்து சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம்.

துறைமுகத்தில் அப்படி என்ன வித்தியாசம்? ஊர் ஒன்றுதானே?

ஊர் ஒன்றுதான், ஆனால் கப்பல் எங்கே கட்டுகிறது என்பது ஒன்றில்லை. "பாங்கொக்" என்று அட்டவணையில் போட்டிருக்கும், பெரிய கப்பல் நிற்பது லெம் சபாங்கில், அங்கிருந்து நகரத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாத பஸ் ஓட்டம். ஆற்றில் ஏறக்கூடிய சின்னக் கப்பல்கள் நகரத்துக்குள்ளேயே இருக்கிற குலோங் தோய் துறைமுகம் வரை உள்ளே போய்விடும். "லண்டன்" என்றால் பெரியவற்றுக்கு அநேகமாக சவுத்தாம்டன். சின்னது சில தேம்ஸ் ஆற்றில் ஏறி, டவர் பிரிட்ஜ் பாலம் திறந்துவிட, நகரத்துக்கு நடுவிலேயே வந்து நிற்கும். லண்டனில் சொந்தம் இருக்கிறவர்களுக்கு இது லேசான விசயம் இல்லை, நீங்கள் இறங்கி நடந்துபோய் அவர்களோடு சோறு சாப்பிட்டுவிட்டு வரலாம்.

வெனிஸ் இன்னொரு கதை. 2021 ஓகஸ்ட் 1 முதல் 25,000 தொன்னுக்கு மேலோ 180 மீற்றர் நீளத்துக்கு மேலோ உள்ள கப்பல்கள் நகரத்துக்கு முன்னால் ஓடும் ஜியுதெக்கா வாய்க்காலுக்குள் வரக்கூடாது. இதில் பலர் கவனிக்காதது, சீபோர்ன் குவெஸ்ட் மாதிரி "சின்ன" சொகுசுக் கப்பலும் 198 மீற்றர், 32,000 தொன்னுக்கு மேல், அதுவும் இந்தத் தடைக்குள் விழுகிறது. பயணச்சீட்டில் வெனிஸ் என்று இருந்தால் உண்மையில் இறங்குவது மர்கேராவா, திரியெஸ்தேயா, ராவென்னாவா என்று கட்டாயம் கேளுங்கள்.

கிரேக்கத்தில் கொரிந்து வாய்க்கால் இருக்கிறது, 1893இல் திறந்தது, பாறையை நட்டுக்கு வெட்டிய ஒடுக்கமான பாதை. 2019இல் பிரேமர் என்ற கப்பல் 22.5 மீற்றர் அகல உடம்போடு அதற்குள் புகுந்து வந்தது செய்தியானது. இருபக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் பாறைச் சுவர். அதைவிடப் பெரிதெல்லாம் குடாநாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தார்ட்டிக்காவில் இன்னும் கண்டிப்பு: 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பலிலிருந்து யாரும் கரையில் கால் வைக்க முடியாது, சின்னக் கப்பல் என்றாலும் ஒரு இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேர்தான்.

இடத்தைவிடப் பெரிய வித்தியாசம் கூட்டம். கிரேக்கத் தீவான சந்தோரினியில் கப்பல் கரைக்கு வராது, படகில் கொண்டுபோய் மலையடியில் இறக்குவார்கள். மேலே போகக் கேபிள் கார், இல்லையென்றால் சுமார் 600 படி. நானூறு பேரின் கப்பலில் வந்தவரும் நாலாயிரம் பேரின் கப்பலில் வந்தவரும் அதே வரிசையில்தான், வெயிலும் அதே வெயில்தான். ஆகவே சின்னக் கப்பலில் போனால் கூட்டமே இருக்காது என்று எதிர்பார்க்க வேண்டாம். அன்றைக்கு அதே இடத்தில் வேறு எந்தக் கப்பல் நிற்கிறது என்று பார்த்து வையுங்கள், துறைமுக அட்டவணைகள் இணையத்தில் கிடைக்கும்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். சின்னக் கப்பல் சுகமா?

நடை குறைவு என்ற அளவில் சுகம், லிஃப்டுக்குக் காத்திருப்பும் குறைவு. ஆனால் சின்னக் கப்பல் போகிற சின்ன ஊர்களில் துறைமுகமே இருக்காது, படகு மாறித்தான் இறங்க வேண்டும். அந்த ஒரு எட்டு இருக்கிறதே, அதைக் கவனமாகச் சொல்கிறேன். கப்பலின் பக்கவாட்டில் ஒரு மேடை, படகு அதோடு ஒட்டி நின்று ஏறி இறங்கும். இரண்டு மாலுமிகள் நிற்பார்கள். தங்கள் கையை நீங்கள் பிடிக்க விடமாட்டார்கள், அவர்கள்தான் உங்கள் முழங்கைக்குக் கீழே இறுக்கிப் பிடிப்பார்கள். படகு மேலே வந்து மேடையோடு சமமாகிற கணத்தில் "இப்ப" என்பார்கள், அப்போது எட்டு வைக்க வேண்டும். யோசித்தால் படகு மறுபடி ஒரு அடி கீழே போய்விடும். கையில் பை, கமரா, குடை ஒன்றும் இருக்கக்கூடாது. சேலையென்றால் கொய்யகத்தை ஒரு கையால் தூக்க வேண்டிவரும், ஆகவே அன்றைக்குப் பஞ்சாபி.

சக்கர நாற்காலி என்றால் பல இடங்களில் படகில் ஏற்றமாட்டோம் என்று சொல்லிவிடுவார்கள். முழங்கால் உண்மையிலேயே மோசம் என்றால், கரையோடு கட்டுகிற துறைமுகங்கள் உள்ள பெரிய கப்பல் பயணம்தான் என் வாக்கு.

நாகபட்டினம் படகிலேயே எனக்குச் சத்தி. சின்னக் கப்பல் தாங்குமா?

காங்கேசன்துறை நாகபட்டினம் படகு நாலு மணித்தியாலம் வேகமாக ஓடுகிற சின்ன வாகனம், அதை வைத்துக் கப்பலை மதிப்பிட வேண்டாம். ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. குண்டும் குழியுமான வீதியில் லாண்ட்மாஸ்ரர் குதிக்கிற இடத்தில் நீட்டுப் பஸ் மெல்ல ஏறி இறங்கும் இல்லையா, அலைக்கும் அதேதான் கணக்கு. நீளமான கப்பல் இரண்டு மூன்று அலைமேல் ஒரேயடியாகப் படுத்துக்கொள்ளும், 105 மீற்றர் சீட்ரீம் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும். இறக்கை மாதிரிப் பக்கத்தில் நீட்டுகிற தடுப்புகள் இரண்டு அளவிலும் இருக்கின்றன. அவை பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கும், முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவ்வளவாகக் குறைக்காது.

பெரிய கப்பலுக்கும் ஒரு குறை உண்டு: உயரம் கூட, காற்றுப் பிடிக்கும். கடல் சும்மா இருந்தாலும் காற்று கூடினால் துறைமுகத்துக்குள் போகாமல் விட்டுவிடுகிறது.

சோளகம் அடிக்கும்போதும் வாடைக்காலத்திலும் கடலுக்குள் எப்போது இறங்குவது என்று எங்கள் கரையோர ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, அதே புத்தியை அங்கேயும் பாவியுங்கள். மத்தியதரைக் கடல் ஐப்பசி கடந்தால் முரடாகத் தொடங்கும். சின்னக் கப்பலென்றால் யூனும் செப்ரெம்பரும் நல்லது. அறை எடுக்கும்போது நடுப்பகுதி, கீழ்த்தட்டு. மேல்தட்டு முன்பக்க அறை விலை கூட, ஆட்டமும் கூட. மருந்தைச் சத்தி வந்த பிறகு போட்டுப் பிரயோசனமில்லை. டொக்டரிடம் கேட்டு முன்கூட்டியே போடுங்கள்.

மரக்கறிச் சாப்பாடு?

இதில் பதில் நீங்கள் நினைப்பதற்கு எதிராக இருக்கும். பெரிய கப்பலின் பஃபேயில் பெரும்பாலும் ஒரு இந்தியப் பகுதி இருக்கும்: பருப்பு, சோறு, ஒரு கறி, நாண். தினமும் கிடைக்கும், தினமும் ஒரே ருசி, உறைப்பு ஒன்றும் இருக்காது. சின்னக் கப்பலில் அப்படி ஒரு பகுதியே இல்லை. ஆனால் குசினியில் இந்தியச் சமையல்காரர் யாராவது இருப்பார்கள், முதல் நாள் இரவே சொன்னால் மறுநாளுக்கு உங்களுக்கென்று செய்வார்கள். ஒருமுறை எங்கள் மேசைக்கு வந்த தூத்துக்குடித் தம்பி, "அக்கா, மெனுவை மூடுங்க, நாளைக்கு ரசம் வைக்கச் சொல்றேன்" என்றார். வைத்தார்கள், மிளகு கொஞ்சம் தூக்கலாக, நல்ல ரசம்.

முட்டைகூடச் சாப்பிடாத சைவம், வெள்ளிக்கிழமை விரதம் என்றால் முற்பதிவு செய்யும்போதே எழுத்தில் கொடுங்கள், ஏறியபிறகு முதல் நாளே உணவகப் பொறுப்பாளரிடம் மறுபடி சொல்லுங்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீன் தருகிற ஆட்களும் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஜென்ரிங் ட்ரீம் மாதிரி இந்தியப் பயணிகளை நம்பி ஓடும் கப்பலில் இந்தத் தொல்லை குறைவு. பால் தேத்தண்ணி எங்கும் சரியாக வராது, தேயிலையைக் கொண்டுபோங்கள்.

சின்னக் கப்பலில் எல்லாரும் வந்து கதைப்பார்களாமே?

கதைப்பார்கள். பெரிய கப்பலில் காலையில் கண்ட முகத்தைத் திரும்பக் காண்பதே அபூர்வம், சின்னதில் மூன்றாம் இரவுக்குள் உங்கள் பெயர், பிள்ளைகள் எங்கே, என்ன வேலை எல்லாம் தெரிந்துவிடும். பயணிகளில் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற அமெரிக்கர், ஆங்கிலேயர், அவுஸ்திரேலியர். ஸ்ரீலங்கா என்றால் கண்டி, யானை, தேயிலை என்று தொடங்கி, எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். வன்னி என்று சொன்னதும் செய்தியில் பார்த்த ஞாபகம் வரும் சிலருக்கு, அப்புறம் 2009 பற்றிக் கேள்வி வரும், சாப்பாட்டு மேசையில், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே. கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆனாலும் எல்லா இரவும் அதற்கு மனம் இருக்காது. நான் "வடக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்கிற இரவுகளும் உண்டு, விளக்கமாகச் சொன்ன இரவுகளும் உண்டு. இரண்டு பேர் மேசை என்று கேட்டால் தருவார்கள், அது மரியாதைக் குறைவில்லை. யாரும் தெரியாமல் ஒரு மூலையில் இருந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றால் பெரிய கப்பல்தான் அதற்கு வசதி.

காசு?

சின்னது விலை கூட, ஆனால் விலைக்குள் அடங்குவதும் கூட. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் போன்றவற்றில் குடிவகையும் சந்தோசக் காசும் கட்டணத்துக்குள். பெரிய கப்பல்களில் சந்தோசக் காசு மட்டும் ஒரு நாளைக்கு ஒருவருக்கு 15 முதல் 20 டொலர் அளவில் தனியாக ஏறும், குடிவகை வேறு, இணையம் வேறு, நல்ல உணவகம் வேறு. ஆனால் ஒன்று. குடிக்காத குடும்பம் ஒன்று "குடிவகை இலவசம்" என்பதற்காகக் கூடக் கொடுப்பது வீண். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது பொருந்தும் (மற்றப் பாதி லாபம் எடுத்துவிடும்).

தனியே போகிற விதவைகள், தனியாட்கள் கவனிக்க: அறைக்கு இரண்டு பேர் காசு கேட்பதுதான் வழமை. சின்னச் சொகுசுக் கப்பல்கள் இடைக்கிடை இந்த மேலதிகத்தைக் குறைத்து விடும், அந்த நேரம் பார்த்து எடுக்கலாம்.

பெரிய கப்பலுக்குள்ளேயே சின்னக் கப்பல் என்கிறார்களே, அது என்ன?

எம்எஸ்சியின் யொட் கிளப், நோர்வீஜியனின் ஹேவன், ஜென்ரிங் ட்ரீமின் பாலஸ். பெரிய கப்பலின் ஒரு மூலையைக் கதவு போட்டு அடைத்து, தனி உணவகம், தனித் தடாகம், தனி ஆட்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சறுக்கல் வேண்டும், அப்பாவுக்கு அமைதி வேண்டும் என்கிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. சின்னச் சொகுசுக் கப்பலில் பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றுமே கிடையாது, இரண்டாம் நாளே அழுவார்கள். ஆனால் துறைமுக விசயம் மாறாது: கதவுக்கு உள்ளே எவ்வளவு சொகுசென்றாலும் கப்பல் நிற்பது லெம் சபாங்கில்தான்.

முன்பு போன கப்பலிலேயே திரும்பப் போகலாமா?

போகலாம், பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கிறிஸ்டல் நிறுவனம் 2022இல் வங்குரோத்தாகி, வேறு கைக்கு மாறி, 2023இல் திரும்ப ஓடத் தொடங்கியபோது செரினிட்டியில் அறைகளை இடித்துப் பெருப்பித்திருந்தார்கள். ஆயிரத்துக்கு மேல் ஏறிய கப்பலில் இப்போது 740 பேர். வின்ட்ஸ்டாரின் ஸ்டார் பிரீஸை நடுவால் வெட்டி ஒரு துண்டைச் சொருகி நீட்டினார்கள், 212 பேரின் கப்பல் 312 பேருடையதானது. சீபோர்ன் ஒடிசி இப்போது ஜப்பானியர் கையில் வேறு பெயரோடு ஓடுகிறது.

திரும்ப வருகிறவருக்கு ஒவ்வொரு நிறுவனமும் சலுகை வைத்திருக்கும். கப்பலில் இருக்கும்போதே அடுத்த பயணத்துக்கு முற்பணம் கட்டினால் கழிவு கிடைக்கும். திருப்பி எடுக்கக்கூடிய முற்பணமா என்று பார்த்துக் கட்டுங்கள். ஒரே குழுமத்தின் பெரிய கப்பலில் பலமுறை போய்ச் சேர்த்த அங்கத்தவர் தரம் சின்னதிலும் செல்லுபடியாவது உண்டு: சில்வர்சீ இப்போது ரோயல் கரிபியன் குழுமத்துக்குள் இருக்கிறது.

கப்பலில் வருத்தம் வந்தால்?

பெரியதில் டொக்டர்கள் சிலர், தாதிமார், அவசர சிகிச்சைக் கட்டில்கள். சின்னதில் அநேகமாக ஒரு டொக்டர், ஒரு தாதி. பிரஷர், சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இருந்தால் பயமில்லை. இன்சுலின் வைக்க அறைக் குளிர்பெட்டி போதுமான குளிரா என்று கேளுங்கள், சிலது சும்மா பேருக்குத்தான் குளிரும். மாரடைப்பு வந்தவர், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர் சின்னக் கப்பலில் ஒதுக்குப்புறத் தீவுகளுக்குப் போகாமல் இருப்பது நல்லது. காப்புறுதி இல்லாமல் எதிலும் ஏற வேண்டாம்.

எங்கள் பாஸ்போட்டுக்கு எது லேசு?

கப்பலின் அளவு இதற்குச் சம்பந்தமில்லை, பாதைதான். கனடாப் பாஸ்போட் வைத்திருக்கிற பிள்ளைகள் இதை மறந்துவிட்டு முற்பதிவு செய்வார்கள். பார்சலோனாவில் ஏறி துருக்கி தொட்டுத் திரும்பக் கிரேக்கம் வருகிற பயணத்துக்கு ஒருமுறை நுழையும் ஷெங்கன் விசா போதாது, பலமுறை நுழையும் விசா வேண்டும். கனடா விசாவில் ரொறொன்ரோ வந்திருக்கிற பெற்றோரை வன்கூவரிலிருந்து அலாஸ்கா கூட்டிப் போவதென்றால் அமெரிக்க விசாவும் வேண்டும், கனடாவுக்குள் திரும்பி வரவும் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் ஏறுவது எங்களுக்கு ஆகச் சுலபம், அங்கே போக இலங்கையருக்கு முன்கூட்டிய விசா கேட்பதில்லை. கப்பல் அடுத்து நிற்கிற நாடுகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும்.

உடுப்பு?

சேலை, வேட்டி எல்லாம் சரி. பெரிய பழைய பாணிக் கப்பல்களில் காலா இரவுக்கு (எல்லாரும் விசேட உடுப்போடு வருகிற இராப்போசனம்) தேசிய உடை மரியாதையானதுதான், பட்டுச்சேலை அங்கே கோட் சூட்டையெல்லாம் தோற்கடிக்கும். சின்னதில் அவ்வளவு கண்டிப்பில்லை. அறை அலுமாரி சின்னது, இரண்டு பட்டுக்கு மேல் வேண்டாம்.

ஊரிலிருந்து எப்போது வெளிக்கிட வேண்டும்?

கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஏ-9 வழியே இரவு வான் பிடித்தாலும் ஏழு மணித்தியாலம் வையுங்கள். விமானம் இறங்குகிற அன்றே கப்பல் ஏறுகிற மாதிரி எடுக்கவே வேண்டாம், ஒரு நாள் முன்னமே அந்த ஊரில் போய் நில்லுங்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது. பெரிய கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம் பெரிய நகரமாக இருக்கும், விமானத்தில் போய்ப் பிடிக்கலாம். சின்னக் கப்பலின் அடுத்த நிறுத்தம் விமான நிலையமே இல்லாத தீவாக இருந்தால் இரண்டு மூன்று நாள் பின்னால் அலைய வேண்டிவரும், செலவும் உங்கள் தலையில். துறைமுக முகவரின் தொலைபேசி இலக்கம் பயணக் கடதாசியிலேயே இருக்கும், அதைக் கையில் எழுதி வேறாக ஒரு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஃபோன் செத்தாலும் உதவும்.